முதல் விசிலுக்கு ஒரு கிடாய்

2024 செப்டம்பர் 14, சனிக்கிழமை, மாலை ஏழு மணி பத்து நிமிடம். வெயில் இறங்கி ஒரு மணி நேரம் ஆகியும் கூடத்துச் சுவரில் கை வைத்தால் சுட்டது. சிறுமலைப் பக்கம் மேகம் நின்றது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. திண்டுக்கல் ரயில் மேம்பாலத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் வீட்டில் நானும் என் மனைவியும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். நாட்டின் முதல் அடுக்குக் கால்பந்து லீகில் அந்தப் பருவத்தின் எங்கள் முதல் ஆட்டம். எங்கள் என்று எழுதுகிறேன், ஆடுவது என் மகனின் அணி. வடகிழக்கில் ஒரு மலைநகரத்து அணி அது. பெயரைப் போட வேண்டாம் என்று அவன் சொல்லியிருக்கிறான்.

ஏழு பன்னிரண்டுக்குப் பதினொரு பேரின் பெயர்கள் திரையில் ஏறின. மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை எண்ணினேன். அவன் இல்லை. கீழே சின்ன எழுத்தில் மாற்று ஆட்டக்காரர்கள் வரிசையில் ஐந்தாவதாக இருந்தான்.

"ஆடு மிச்சம்" என்றேன்.

என் மனைவி என்னைப் பார்த்த பார்வைக்குக் காரணம் சொல்ல வேண்டுமென்றால் பத்து மாதம் பின்னால் போக வேண்டும்.

மகனுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ஸ்டாப்பர், அதாவது கோல்கீப்பருக்கு முன்னால் நின்று வருகிறவனை மறிக்கும் வேலை. பயிற்சியில் வலது முழங்கால் திரும்பி, மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது. சிகிச்சை அறைக்கு வெளியே நான் காப்பீட்டுத் தாள்களோடு அலைந்துகொண்டிருந்த இரண்டு மணி நேரத்தில் என் மனைவி நேர்த்திக்கடன் வைத்துவிட்டாள். மகன் மறுபடியும் லீகில் ஆடினால், ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எங்கள் ஊர்க்கோயில் புனிதருக்கு ஒரு கிடாய். ஆகஸ்டு முதல் வாரத்தில் திருவிழா. காணிக்கையாக வரும் ஆடு, கோழி, அரிசி எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துச் சமைத்து, என்ன சாதி என்ன மதம் என்று கேட்காமல் வருகிறவர்களுக்கெல்லாம் அசனம் போடுவார்கள். ஆட்டைக் கொடுத்தவர்களும் வரிசையில் நின்றுதான் சோறு வாங்க வேண்டும்.

இதை அவள் என்னிடம் சொன்னது எட்டு மாதம் கழித்து, மகன் ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்று.

"பருவத்துக்கு இருபத்து நாலு ஆட்டம்" என்றேன். "இருபத்து நாலு கெடா. ஒண்ணு எட்டாயிரம்னு வச்சாலும் எம்புட்டுன்னு தெரியுமா?"

"நான் புள்ள காலப் பாத்தேன். உங்கள மாதிரி பெருக்கிப் பாக்கல."

நான் மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருடம் வீடு வீடாக மீட்டர் கணக்கெடுத்தவன். பெருக்காமல் இருக்க எனக்கு வராது. ஓய்வூதியத்தில் மாதச் செலவு, இருவரின் மருந்து, வீட்டு வரி எல்லாம் போக மிஞ்சுவது எனக்குத் தெரியும். இருபத்து நான்கு கிடாய்க்கு வழியில்லை.

மகனின் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. பருவத்தில் பன்னிரண்டு ஆட்டங்களில் தொடக்கப் பதினொருவரில் ஒருவனாக அவன் களமிறங்கினால், ஒப்பந்தம் தானாகவே இன்னொரு வருடம் நீளும். பன்னிரண்டுக்குக் குறைந்தால் மே மாதத்தோடு முடிந்தது. முப்பத்து மூன்று வயதில், அறுத்துத் தைத்த முழங்காலோடு இன்னோர் அணி கூப்பிடாது. இடையில் இறங்கி எண்பது நிமிடம் ஆடினாலும் கணக்கில் சேராது, முதல் விசில் ஊதும்போது களத்தில் நிற்க வேண்டும். தொலைபேசியில் அவன் இதை விளக்கியபோது எனக்கு யோசனை வந்தது. கிளப்புக்கு ஒரு நிபந்தனை இருக்கலாமென்றால் எனக்கு ஏன் இருக்கக் கூடாது?

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்ப் புனிதரின் சொரூபத்துக்கு முன்னால் நின்றேன். மெழுகுதிரி இரண்டு ஏற்றினேன். பிறகு வாய்விட்டுச் சொன்னேன்: முதல் விசிலுக்கு மகன் களத்தில் இருக்க வேண்டும், அந்த ஆட்டம் தோற்கவும் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்தால் ஒரு கிடாய். ஒன்று குறைந்தாலும் இல்லை.

வெளியே வந்து செருப்பைப் போடும்போது மனைவி சொன்னாள்: "புனிதர்கிட்ட போயி கறிக்கடையில பேசுறாப்ல பேசிட்டு வாரீக. அவரு பதிலுக்கு ஒரு நிபந்தனை போட்டா என்ன செய்வீக?"

"அவரு ஒண்ணும் சொல்லலையே."

"அவரு என்னைக்குச் சொன்னாரு, இன்னைக்குச் சொல்ல?"

செப்டம்பரிலிருந்து டிசம்பர் கடைசிவரை பதின்மூன்று ஆட்டங்கள். அவன் தொடக்கத்தில் இறங்கியது இரண்டில் மட்டும். அவன் இடத்தில் ஆடிய வெளிநாட்டுக்காரன் ஆறடி நாலு அங்குலம். அவனுக்குச் சளிகூடப் பிடிக்கவில்லை. எனக்கு அந்த ஆளின் மேல் விரோதம் எதுவும் கிடையாது. ஆனால் அவன் கீழே விழும் ஒவ்வொரு தடவையும் என் மனைவி நாற்காலியின் நுனிக்கு வருவாள். அவன் எழுந்துவிட்டால் "எந்திரிச்சுட்டாரு, நல்லாருக்கட்டும்" என்று பின்னால் சாய்ந்துகொள்வாள்.

மகன் இறங்கிய இரண்டில் ஒன்று தோல்வி. மற்றது கோல் இல்லாத சமன். முதல் கிடாய் கணக்கில் விழுந்தது.

திருவிழாச் சமயத்தில் ஆட்டு விலை ஏறிவிடும். ஆடி மாதம் என்பதால் சுற்றுப்பட்டு ஊர்க் கோயில்களுக்கெல்லாம் அப்போதுதான் வெட்டு. அதனால் கடனாகிற அன்றைக்கே குட்டியாக வாங்கி வளர்க்கவிட்டால் பாதிக்குப் பாதி மிச்சம் என்று முடிவு செய்தேன். என் மச்சினன், மனைவியின் தம்பி, கன்னிவாடிப் பக்கம் தென்னையும் மக்காச்சோளமும் வைத்திருக்கிறான். தோப்பில் புல் சும்மா கிடக்கிறது. அவனிடம் விட்டேன்.

"இது எந்த ஆட்டத்துக்கு மச்சான்?" என்று கேட்டான்.

"சைபர் சைபர்."

அதுவே குட்டியின் பெயராகிவிட்டது. வாழ்நாளில் கால்பந்து பார்க்காதவன், அன்றைக்குப் பிறகு ஒவ்வோர் ஆட்டமும் முடிந்த ஐந்தாவது நிமிடம் போன் போடுவான். "இன்னைக்கு உண்டா, இல்லையா?" அவ்வளவுதான் கேட்பான். தோப்பில் கயிறு போட்டுவைக்க வேண்டுமாம்.

ஜனவரி இரண்டாம் வாரம் அந்த ஆறடி நாலு அங்குலத்துக்குத் தொடைத் தசை கிழிந்தது. பருவம் முடியும்வரை ஆட மாட்டான் என்று அறிவித்தார்கள். அன்று என் மனைவி கோயிலுக்குப் போய் அவனுக்காகவும் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தாள். தான் ஏதோ வேண்டிக்கொண்டுவிட்டதாக அவளுக்கு ஓர் உறுத்தல்.

பதினான்காம் ஆட்டத்திலிருந்து மகன் வரிசையாக இறங்கினான். அந்த இரண்டு மாதங்களில் நான் பட்ட பாட்டை வேறு எந்த ஆட்டக்காரனின் அப்பனும் பட்டிருக்க மாட்டான். மகன் ஆட வேண்டும், அணி ஜெயிக்க வேண்டும், முழங்கால் தாங்க வேண்டும். இதில் ஒன்றும் மாற்றமில்லை. ஆனாலும் எண்பதாவது நிமிடம் தாண்டி அணி ஒரு கோல் முன்னால் இருக்கும்போது, மனதின் ஒரு மூலையில் குட்டி விலை நாலாயிரத்து ஐந்நூறு என்று ஓடும். ஒரு தடவை எண்பத்தாறாம் நிமிடம் நம்மவர்கள் சமன் கோல் அடித்தபோது எனக்குப் பெருமூச்சு வந்துவிட்டது.

"என்ன இப்ப? செத்துப்போன மாதிரி மூச்சு விடுறீக?"

"கோலு போட்டதுக்குச் சந்தோசம்தான்."

"சந்தோசத்துக்குக் கைதட்டுவாக. இப்பிடியா மூச்சு விடுவாக?"

இன்னொரு நாள் ஒன்றுக்கொன்று என்று நிற்கும்போது, எழுபத்தொன்பதாம் நிமிடத்தில் தெரு முழுக்க மின்சாரம் போனது. நான் ஓய்வு பெற்றுப் பதினொரு வருடம் ஆகிறது. இருந்தும் அக்கம்பக்கத்தில் மின்சாரம் போனால் என் வாசலுக்குத்தான் வருகிறார்கள். மூன்று பேருக்குப் பதில் சொல்லிவிட்டு மகனுக்குப் போன் போட்டேன். களத்தில் இருக்கிறவன் எப்படி எடுப்பான்? மச்சினனின் போன் வந்தது. "ரெண்டுக்கு ஒண்ணு மச்சான். நம்ம ஜெயிச்சிட்டோம். நான் செல்லுல பாத்தேன். கயிறு எடுத்து வச்சிட்டேன்." எனக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

இப்படி ஒன்பது ஆட்டங்களில் மூன்று வெற்றி, மூன்று சமன், மூன்று தோல்வி. தோப்பில் மொத்தம் ஏழு குட்டிகள். "அந்த ரெண்டுக்கொண்ணு இருக்கானே, வேலியத் தாண்டிப் பக்கத்துத் தோட்டத்து வெங்காயத் தாள மேஞ்சிட்டான். மூணுக்கொண்ணு பரவால்ல, சாது. சைபர் சைபருன்னு ரெண்டு இருக்குல்ல, அதுக ஒண்ணையொண்ணு முட்டிக்கிட்டே கெடக்குதுக" என்று மச்சினன் வாரம் ஒரு தடவை தகவல் சொல்வான்.

மகன் தொடக்கத்தில் இறங்கிய கணக்கு பதினொன்றுக்கு வந்தது. இரண்டு ஆட்டம் பாக்கி. ஒன்றில் இறங்கினால் போதும்.

இருபத்து மூன்றாம் ஆட்டத்தில் அவன் பெயர் இல்லை. மாற்று வரிசையில்கூட இல்லை.

"ரெஸ்ட்டுன்னு சொல்றாங்கப்பா" என்றான் போனில்.

"ஒம்பது ஆட்டம் ரெஸ்ட்டு இல்லாம ஓட வச்சாங்க. இப்ப எங்கிருந்து வந்துச்சு ரெஸ்ட்டு?"

காரணம் எங்கள் இருவருக்கும் தெரியும். பதினொன்றில் நிறுத்தினால் அவர்களுக்கு ஒரு வருடச் சம்பளம் மிச்சம். அணி எட்டாவது இடத்தில் இருந்தது, மேலே போகவும் வழியில்லை, கீழே விழவும் பயமில்லை. கடைசி ஆட்டத்தில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனை இறக்கிப் பார்க்கப் போவதாக நிர்வாகம் பேசிக்கொண்டது. முடிவு பயிற்சியாளர் கையில். அவரும் வெளிநாட்டுக்காரர்தான், நல்ல மனிதர் என்று மகன் சொல்வான். எனக்கு நம்பிக்கை இல்லை. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நிற்கிற ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடைசி ஆட்டம் சனிக்கிழமை. வியாழக்கிழமை காலை பத்தே காலுக்கு மகன் கூப்பிட்டான். ஒலிபெருக்கியில் போட்டேன். எனக்கு வலது காது மந்தம்.

"அப்பா, முட்டி வீங்கியிருக்கு. நேத்து ராத்திரியிலேர்ந்து மடக்க முடியல. இன்னும் யார்கிட்டயும் சொல்லல. ஐஸ் வச்சிட்டிருக்கேன்."

"ஓட முடியுமா?"

"ஒரு பத்து நிமிசம் ஓடலாம். ஊசி போட்டா தொண்ணூறும் ஓடிரலாம். அப்புறம் என்ன ஆவும்னு தெரியாது. சொல்லாட்டி பயிற்சியாளர் என்னைய எறக்குவாருன்னுதான் நெனக்கிறேன். சொல்லிட்டா அவுங்களுக்கு வசதியாப் போயிரும். சொல்லவா, வேணாமா?"

எனக்கு வேண்டியது எல்லாம் தெரிந்திருந்தது. ஒரு வருடச் சம்பளம் எவ்வளவு, அவன் வீட்டுக் கடனில் எத்தனை தவணை பாக்கி, அவன் குழந்தைக்கு எந்த மாதம் பள்ளிக் கட்டணம், எல்லாம். வாயைத் திறந்தேன். "இன்னும் ரெண்டு நாளு..." என்று ஆரம்பித்தேன். அடுப்படியில் வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி ஈரக் கையோடு வந்து போனைப் பிடுங்கினாள்.

"அப்பு, போயிச் சொல்லிரு. இப்பவே சொல்லு."

"பன்னெண்டு ஆவாதும்மா."

"ஆவாட்டிப் போவுது. அவுங்க சம்பளம் அவுங்ககிட்ட இருக்கட்டும். உன் காலு உன்கிட்ட இருக்கட்டும். அந்த ஆசுபத்திரி வராந்தாவுல இன்னொருக்க ஒக்கார எனக்குத் தெம்பு கெடையாது."

போனை என்னிடம் கொடுக்காமலே அணைத்துவிட்டாள். அன்று மத்தியானம் தட்டை வைத்துவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவரைக்காயில் உப்பு அதிகம். அப்படியே சாப்பிட்டு முடித்தேன்.

சனிக்கிழமை மாலை ஏழு பன்னிரண்டு. பெயர்கள் ஏறின. நாலாவது பெயர் அவனுடையது.

"சொல்லல" என்றாள் மனைவி. "படுபாவி, சொல்லவே இல்ல பாருங்க. ஊசியப் போட்டுட்டு எறங்கிட்டான்." புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு செபமாலையை எடுத்தாள்.

எனக்கு உள்ளுக்குள் பன்னிரண்டு என்று ஒன்று துள்ளியது. அதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. அவன் வரிசையில் நடந்து வரும்போது வலது காலை மட்டும் பார்த்தேன். முழங்காலில் கறுப்பு உறை. நொண்டவில்லை. ஆனால் மற்றவர்கள் குதித்துக் குதித்து உடம்பைச் சூடாக்கும்போது அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

ஏழரைக்கு விசில். நடுவிலிருந்து பின்னால் தள்ளிய பந்து அவன் காலுக்கு வந்தது. பக்கத்தில் இருந்தவனுக்குக் கொடுத்தான். அவன் அதை ஓங்கி வெளியே அடித்தான். சாகசம் ஒன்றுமில்லை, வேண்டுமென்றே அடித்தது. ஓரத்தில் எண் பலகை உயர்ந்தது. சிவப்பில் மகனின் எண். திரையின் மூலையில் கடிகாரம் நாற்பத்தொரு விநாடி காட்டியது.

மெதுவாக நடந்து வெளியே வந்தான். பயிற்சியாளர் அவன் தோளைப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டினார். பத்தொன்பது வயதுப் பையன் உள்ளே ஓடினான். வருணனை செய்த ஆட்களுக்கே புரியவில்லை. காயமாக இருக்கலாம் என்றார்கள்.

"என்னங்க இது? கால் போயிருச்சா?"

"தெரியல. செத்த நேரம் இரு."

இடைவேளையில் அவனே கூப்பிட்டான். குரலில் சிரிப்பு இருந்தது. வியாழக்கிழமையே பயிற்சியாளரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிட்டானாம். எழுத்திலும் கொடுத்துவிட்டானாம். பயிற்சியாளர் கேட்டுக்கொண்டாராம். வெள்ளிக்கிழமை மாலை நிர்வாகம் அவரைக் கூப்பிட்டு அடுத்த வருடம் நீங்கள் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. சனிக்கிழமை காலை அவர் மருத்துவரிடம், நின்று ஒரு பந்தைத் தள்ள இவன் காலுக்கு முடியுமா என்று மட்டும் கேட்டிருக்கிறார். முடியும் என்றிருக்கிறார் மருத்துவர். பிறகு மகனிடம் வந்து, ஆடுகிறவர்களின் பட்டியல் இன்று இரவு வரைக்கும் என்னுடையது என்றாராம்.

"எறங்கினா ஒரு விநாடின்னாலும் கணக்குத்தான்பா. ஒப்பந்தத்துல நிமிசம் போடல."

"அது எனக்குத் தெரியும்" என்றேன். "காலு எப்பிடி இருக்கு?"

"வீக்கம் இருக்கு. மூணு வாரத்துல வடிஞ்சிரும்ங்கிறாங்க. அம்மாகிட்ட குடுங்க."

அவள் வாங்கிக்கொண்டு அழுதாள். திட்டவும் செய்தாள். எதற்குத் திட்டினாள் என்று தெரியவில்லை, அவனும் கேட்டிருக்க மாட்டான்.

ஆட்டம் நாலுக்குச் சைபர் என்று தோற்றது. பத்தொன்பது வயதுப் பையன் இரண்டு கோலுக்காவது காரணம். மச்சினனின் போன் வந்தது. "கயிறு வேணாம்ல மச்சான்?" "வேணாம்" என்றேன். தோற்ற ஆட்டம். என் நிபந்தனைப்படி கிடாய் இல்லை.

மே முடிந்தும் கிளப் ஒரு மாதம் இழுத்தது. வக்கீலைக் கேட்டது. ஜூன் மாதம் ஒப்பந்தத்தை நீட்டித்துக் கையெழுத்துப் போட்டது. அந்தப் பயிற்சியாளர் தன் நாட்டுக்குப் போய்விட்டார். அவருக்கு ஒரு நன்றி எழுத வேண்டுமென்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு அவர் மொழி தெரியாது. மகன் சொல்லிவிட்டான் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் ஐந்தரை மணிப் பேருந்தில் அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் போனேன். ஆடி பிறந்து ஒரு வாரம். கூட்டத்தில் ஆட்டின் மேல் ஆடு ஏறி நின்றது. காலும் பல்லும் பார்த்து ஒரு கறுப்புக் கிடாயைப் பிடித்தேன். வியாபாரி தோள் துண்டை எடுத்து எங்கள் இருவர் கையின் மேலும் போர்த்தி, உள்ளே என் விரல்களைப் பிடித்து விலை சொன்னான். சத்தம் போட்டுச் சொன்னால் பக்கத்தில் நிற்பவன் கேட்டுவிடுவான் என்பதற்காகத் துண்டுக்குள்ளேயே பேசும் விலை. வழக்கமாக நான் ஏழெட்டுத் தடவை கையை உதறிவிட்டுப் போய்த் திரும்பி வருகிறவன். அன்று சரி என்றேன்.

"ஏன் பெரியவரே, கொறச்சுக் கேக்கலியா?" என்றான். அவனுக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. "நேர்த்திக்கடனா?"

"இல்ல. கணக்குல வராதது."

திருவிழாவுக்கு முந்திய நாள் மச்சினன் ஏழு கிடாய்களைச் சின்ன லோடு வண்டியில் ஏற்றி வந்தான். மகனும் வந்திருந்தான். காலை நீட்டித்தான் உட்கார்ந்தான், ஆனால் எழும்போது எதையும் பிடிக்கவில்லை. கொல்லையில் கட்டியிருந்த எட்டாவதைப் பார்த்து மச்சினன் நின்றுவிட்டான்.

"இவன் யாரு மச்சான்? நான் வளக்கலையே."

"நாலு சைபர்."

"தோத்ததுக்கா? தோத்தா கெடையாதுன்னுல்ல பேச்சு?"

என் மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"அவுக புனிதர்கிட்ட பேசி முடிச்சிட்டாக போல" என்றாள்.

எட்டையும் கோயிலில் ஒப்படைத்தோம். மறுநாள் வரிசையில் ஒரு மணி பத்து நிமிடம் நின்று, நாங்கள் நான்கு பேரும் சோறு வாங்கிச் சாப்பிட்டோம். யார் ஆடு யார் இலையில் விழுந்தது என்று சொல்ல முடியாது. குட்டிகள் ஏழுக்கு முப்பத்தோராயிரத்து ஐந்நூறு, தீவனமும் மருந்தும் ஏழாயிரம், வண்டி வாடகை ஆயிரத்து இருநூறு, கடைசிக் கிடாய் பதினோராயிரத்து ஐந்நூறு. மொத்தம் ஐம்பத்தோராயிரத்து இருநூறு ரூபாய்.